ஏன் என்று கேட்க

அவள் எழுந்திருக்கவில்லை.

மேடையில் வெளியூர்ப் போதகர் இரண்டாம் முறையாக மைக்கில் சொன்னார். "எப்சிபா என்கிற மகளே, கர்த்தர் உன்னை ஊழியத்துக்குக் கூப்பிடுகிறார். எழுந்து வா."

உபவாசக் கூட்டம். தகரக் கொட்டகைக்குள் மத்தியான வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பெண்கள் முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, உன்னயத்தான். எந்திரி."

அவள் பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்த்தாள்.

இரண்டாவது வரிசையில் ஒரு நரைத்த தலை எழுந்தது. "ஐயா, எம் பேரும் எப்சிபாதான்."

"நீங்க இல்லம்மா. வாலிபப் பிள்ளை. படிச்ச பிள்ளை."

கர்த்தருக்கு டிகிரி முதற்கொண்டு தெரிந்திருக்கிறது.

நரைத்தவள் உட்கார்ந்தாள். இந்த வயதில் தன்னைக் கூப்பிட்டுவிட்டார் என்று நம்பி எழுந்தவள். அந்தக் கொட்டகையில் அவளைப் பார்க்க மட்டும்தான் இவளுக்குப் பாவமாக இருந்தது.

காலையில், செருப்பு விடுகிற இடத்தில், அம்மா இதே போதகரிடம் வாய்பொத்திப் பேசிக்கொண்டு நின்றாள். இவள் பார்த்தாள். இதைக் கூட்டிக் கழிக்கப் பட்டப்படிப்பு வேண்டுமா என்ன?

திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். பீடி சுற்றிப் படிக்க வைத்த அம்மா, வேலை கிடைத்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். நீ பொருத்தனைப் பிள்ளை. ஒரு பிள்ளை தந்தால் அதை உமக்கே தருகிறேன் என்று கர்த்தரிடம் சொல்லிப் பெற்ற பிள்ளை. சென்னைக்கு இல்லை, வேதாகமப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

"நேந்துவிட்ட ஆட்டுக்குக்கூட காதை அறுத்து அடையாளம் வைப்பாவ. எனக்கு அதுகூட இல்லியே," என்றாள் இவள்.

"அஞ்ஞானிப் பேச்சுப் பேசாத."

ஏன் என்னைக் கேட்கவில்லை? ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? ஏன்? அந்த வாரம் முழுக்க இவள் கத்தியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அம்மாவிடமும் அதே சொல்தான் இருந்தது. "ஏன்னு கேக்க நாதியில்லாமக் கெடந்தேம்ட்டி. ஏன்னு கேக்க ஒரு பிள்ளை தாரும்னு அழுதேன். தந்தாரு."

அந்த ஏன் வேறு, கூப்பிட்ட குரலுக்குப் பதிலாகச் சொல்கிற ஏன். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்கக் கூடாது. அது திமிர். 'ஏன்' என்றுதான் கேட்க வேண்டும். 'என்ன' என்று சொன்ன போதெல்லாம் தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்தவள் இவள்.

மேடையில் மூன்றாம் முறை. "எப்சி..."

கரண்ட் போனது.

மைக் செத்தது. கீபோர்டு பாதிப் பாட்டில் நின்றது. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.

அந்த அமைதியை அம்மாவால் தாங்க முடியவில்லை.

"நாந்தாம்ட்டி சொன்னேன்," என்றாள், பாயைப் பார்த்துக்கொண்டு. "பேரையும் படிப்பையும். அவரு மேல தப்பில்ல."

அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தாள். அம்மா பின்னாலேயே வந்தாள். தடுக்கவில்லை. இவள் குவியலுக்குள் தன் செருப்பைத் தேடி எடுத்து, ஒன்றில் காலை நுழைத்தாள்.

"எப்சிபா."

"ஏன்?"

நினைப்பதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிட்டது.

திரும்பினாள். "கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடலியே," என்றாள் அம்மா.

மேடையில் போதகர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, செத்த மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லை.

ஆனால் கூப்பிட்டார்கள். உரக்க இல்லை. அடுப்படியிலிருந்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. அவசரமே இல்லாமல். வந்துவிடுவாள் என்று தெரிந்த மாதிரி.

பசியா? பசியில் காது அடைக்கும். பேர் சொல்லியா கூப்பிடும்?

அவள் சொன்னது எந்த ஏன்? கிள்ளிப் பழக்கியதா? இந்த வாரம் முழுக்கக் கத்தியதா? இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. அவளுக்கே பிடிபடவில்லை.

அம்மா அவள் கையைத் தொட்டாள். "சென்னைக்குப் போகணும்னா போ, ஏட்டி. நான் கர்த்தர்ட்ட பேசிக்கிடுதேன்."

இதைக் கேட்கத்தான் ஒரு வாரமாகச் சண்டை போட்டாள். இப்போது அது காதில் ஏறவில்லை.

கரண்ட் வந்தது. மைக் கீச்சிட்டது. "எப்சிபா என்கிற மகளே..."

"ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க."

கொட்டகை முழுக்கக் கேட்டது.

பிறகு, அந்தக் குரல் இன்னொரு முறை கூப்பிடுமா என்று காதைக் கொடுத்தபடி, மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றினாள்.

வாசல் சிமென்ட் சுட்டது. காலை எடுக்கவில்லை.