வதனியின் எருமை

வாகரைப் பள்ளிக்கூட மண்டபத்து முகாமில் பின்னேர வெயில் சீமெந்துத் தரையில் சரிந்து கிடக்கிறது. கடல் ஊருக்குள் வந்துபோய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ரேடியோ திருத்தும் வதனி, நிவாரணப் பெட்டியில் வந்த விளையாட்டுக் கட்டைகளால் ஓர் எருமை செய்து, உப்புநீரில் ஊறிய கசெற் ரேடியோவின் மோட்டாரை அதன் வயிற்றில் பொருத்தியிருக்கிறாள். இடப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாகக் கிளம்பியதால் அது பக்கமாகச் சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. இப்போது பின்கால் ஊன்றிய பிறகே முன்கால் எழும்படி பல்லுச்சில்லுச் சக்கரத்தைத் தள்ளி மாட்டிவிட்டாள். மோட்டார் முனகுகிறது. எருமை தலையை ஆட்டி, அவசரமே இல்லாமல், அசல் எருமையாகவே நடக்கிறது. சுற்றி நின்று பார்க்கும் முகாம்காரர்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். “அண்ண, காலை எடுங்க, வருது!” என்கிறாள், சுவரோரம் இருக்கும் நல்லரத்தினத்திடம். எருமைப் பட்டியையே அலைக்குப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து யாரோடும் பேசாதவர். அவர் கால்களை மடக்கிக்கொள்கிறார். எருமை அவரைத் தாண்டி வாசற்படியின் விளிம்பை நெருங்குகிறது. “ஹோய்! கிறுகு! இஞ்சால கிறுகு!” பட்டி மேய்த்த அவரது குரலில் மண்டபமே அதிர்கிறது. வதனி மோட்டாரை நிறுத்தவில்லை. எருமையைக் கையால் மெல்லத் திருப்பி, அவரை நோக்கி நடக்க விடுகிறாள்.