கோடு நகர்ந்த நாள்

பாதரசத் தொட்டியில் மிதந்த கல்பலகையைப் பிரமநாயகி ஒற்றை விரலால் சுழற்றிவிட்டாள். கல்லின் மேல் ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிச் சேர்ந்து, பார்வைக் குழலுக்குள் கருங்கோடுகளாகத் தெரியும். ஒளியைச் சுமக்கும் ஈதர் என்ற பொருள் வெளியெங்கும் நிறைந்திருப்பது மெய்யானால், கல் திரும்பத் திரும்ப அந்தக் கோடுகள் நகர வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்தே அவள் கணவர் தாணுலிங்கத்துக்குக் கண் போயிற்று. இப்போது அவருக்காக அவள்தான் பார்க்கிறாள்.

"நகருதா?" பக்கத்தில் நின்றபடி அவர் கேட்டார்.

இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்துவிட்டது. இன்று குழலில் முகத்தை வைத்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நகருதுங்க."

சொன்ன மாத்திரத்தில் நாக்கு கூசியது. அவரோ புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்தார். சிரித்தபடியே கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டு போன அவர் கை, ஒரு கண்ணாடியருகே நின்றுவிட்டது. தூசு படாமலிருக்க நேற்று அவள் போர்த்திய துணி இன்னும் அதன் மேலேயே கிடந்தது. அந்தக் கண்ணாடியை மூடிவிட்டால் குழலுக்குள் கோடே விழாது.

அவர் துணியை எடுத்து நாலாக மடித்தார். அவள் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார்.

"எந்தப் பக்கமா நகருதுன்னு சொன்ன, பிரமு?"