பதினோராவது மூச்சு

ராஜபாளையம் மில்லுக்கு 1988இல் வந்த டாக்டர், தொழிலாளர்களின் மூச்சைச் சோதிக்கும் முன்பே கேண்டீன் சுவரில் எழுதி ஒட்டினார்: "ஞாயிறு லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை ஷிப்டு முடிவில், நாற்பது பேரில் பதினோரு பேருக்காவது மூச்சு குறைந்தால் பஞ்சுத்தூசிதான் காரணம், தூசி உறிஞ்சும் மெஷின் வைக்கச் சொல்வேன். இல்லையென்றால் என் கருத்து தப்பு. யாரையும் கணக்கிலிருந்து கழிக்கமாட்டேன்."

"மூச்சுமுட்டிச் சாகுறது நாங்க. இவருக்கு அதுக்கொரு நோட்டீஸு" என்று காறித் துப்பினாள் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவு ஆவுடையம்மாள்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னும் பின்னும், மூச்சளக்கும் மெஷினில் ஆளுக்கொரு அட்டைக்குழலைச் செருகி நாற்பது பேர் ஊதினார்கள். தாளில் நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன. பத்துப் பேருக்குக் குறைந்திருந்தது. பதினோராவதாகக் குறைந்திருந்தது, போன வருஷம் செத்துப்போன ஆவுடையம்மாளின் புருஷன் வைகுண்டராஜுக்கு.

டாக்டர் அந்தப் பெயரை அடிக்கப் போனார்.

"கழிக்கமாட்டேன்னு எழுதுனது நீங்கதான சார்? செத்தும் திங்கக்கிழம ஷிப்டுக்கு வந்திருக்காரு அந்த மனுசன்" என்று தடுத்தாள் அவள்.

டாக்டர் பேனாவை மூடினார். குப்பைக்கூடையில் நாற்பத்தொரு குழல்கள் கிடந்தன. ஒன்றில் மட்டும் எச்சில் இன்னும் காயவில்லை. நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது.