எண்ணூற்று இருபத்து நாலு

முன்னொரு காலத்திலே, ரொம்ப முன்னே ஒன்றும் இல்லை, கொல்லம் ஆண்டும் இங்கிலீஷ் ஆண்டும் ஒரே மேசையில் முட்டிக்கொண்டு கிடந்த காலத்திலே, ஆகாயத்தில் ஏரோப்ளேன் ஓட்டின ஒருத்தன் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவிடம் வந்து மாட்டிக்கொண்டான்.

ஓட்டினவன் குமாரதாஸ். மாட்ட வைத்தவர் யேசுரத்தினம்.

"இன்னைக்காவது சர்டிபிகேட்டை எழுதினியளா சார்? கார்த்திகை இருபது ஆயாச்சு. மாசக் கடைசிக்குள்ள டில்லிக்குப் போய்ச் சேரணும்."

"எழுதியாச்சு மக்கா. நீ பிறந்தது 1923."

"1924ன்னுல்லா கேட்டேன்."

"ரிஜிஸ்தர்ல கொல்லம் 1099, ஐப்பசி பத்துன்னு கிடக்கு. அதுகூட 824 கூட்டிப் பாரு."

"ஊரெல்லாம் 825 கூட்டுகான். எங்க அப்பாவும் அதைத்தான் கூட்டினாரு."

"ஜனவரி பிறந்த பொறவு பிறந்தவனுக்கு 825. கொல்லம் வருஷம் ஆவணியில மாறிப் போவும், இங்கிலீஷ்காரனுக்கு ஜனவரியிலயாக்கும். ஐப்பசிக்காரனுக்கு 824தான். ஒனக்க அப்பாவுக்க கூட்டல் தப்பு."

அந்தத் தப்புக் கூட்டல்தான் கொழும்பில் கொடுத்த விமான லைசென்ஸில் ஏறிவிட்டது. அக்டோபர் 27, 1924. அந்த லைசென்ஸை வைத்து ஆறு வருஷம் அங்கே ஓட்டியிருக்கிறான். இந்தியாவில் ஓட்ட அது செல்லாது, புது லைசென்ஸ் வாங்க வேண்டும். டில்லிக்காரர்கள் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியாக ஒன்று கேட்டார்கள்: பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியும் லைசென்ஸ் தேதியும் ஒத்து வர வேண்டும்.

குமாரதாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அங்க, 'நீ இந்தியாக்காரன், வெளிய போ'ன்னான். இங்க வந்தா, 'சிலோன் லைசென்ஸ், செல்லாது'ங்கான். ரெண்டு சர்க்காருக்கும் முதுகு வளையாம நின்னாச்சு. பரீட்சை எழுதியாச்சு. கண்ணைக் காட்டியாச்சு, காதைக் காட்டியாச்சு. கடைசியில ஒமக்க பேனாவுக்க முன்னால நான் தோக்கணுமா? மாட்டேன், கேட்டீரா?"

இதுவரை 'நீங்க' என்று பேசினவன் 'நீர்' என்று இறங்கியதை யேசுரத்தினம் கண்டுகொள்ளவில்லை.

"தோக்க வேண்டாம். கொழும்புக்கு எழுதித் தேதியைத் திருத்து."

"வெரட்டுனவனுக்க வாசல்ல போய் நிக்கணுமா? அவன் திருத்தித் தர எட்டு மாசம் ஆவும். அதுக்குள்ள டில்லிக்காரன் பைலைக் கட்டிப் பரண்ல போட்டுருவான். ஒரு எழுத்து ஓய், மூணை நாலாக்கணும். ஒமக்குக் கை வலிக்குமா?"

"அது எழுத்து இல்ல மக்கா. ஒரு வருஷம்."

யேசுரத்தினம் பேனாவை மூடி மேசைக்குள் வைத்தார். மேசையைப் பூட்டினார். பூட்டின சாவியை ஹெட்மாஸ்டர் அறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய குடையையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

குமாரதாஸ் ஹெட்மாஸ்டர் அறைக்குள் அப்படியே நுழைந்தான்.

"பாத்தியளா சார், நேர்மைக்காரரை? அஞ்சு மணி வரை ஆபீசு. மூணு மணிக்குக் குடையைத் தூக்கியாச்சு. மத்தவனுக்குன்னா மட்டும் சட்டம்."

ஹெட்மாஸ்டர் ஐயப்பன் கையெழுத்துப் போட்டு, குண்டூசி குத்தி வைத்திருந்த தாளை நீட்டினார்.

1923. அழகான எழுத்து. பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை இங்கயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். வேற வழியா டில்லியைப் பாத்துக்கிடுகேன். ஒரு வருஷம் போனா அவருக்கா போச்சு? எனக்கல்லா போச்சு."

"கிழி. ஆனா அடியில இருக்கதை விட்டுட்டுக் கிழி. மாறிக் குத்திட்டேன் போல. அது ஒனக்குள்ளது இல்ல."

குமாரதாஸ் மேல் தாளைத் தூக்கிப் பார்த்தான். அடியில் இன்னொன்று. அதே மை, அதே எழுத்து.

'பெயர்: யேசுரத்தினம், குமாஸ்தா. பிறந்தது கொல்லம் 1074, கார்த்திகை இருபது. சர்வீஸ் புத்தகத்தில் 1899 என்று எழுதியிருப்பது தவறு. சரியான வருஷம் 1898.'

"முந்தாநாள் ஒனக்க கூட்டலைப் பாத்த கையோட தனக்க கூட்டலையும் பாத்திருக்காரு. அவருக்கும் எவனோ 825 போட்டு வச்சிருக்கான். அம்பத்தஞ்சு ஆனா ரிட்டயர் இல்லியா? அடுத்த கார்த்திகைன்னு இருந்த மனுஷன். இன்னைக்காக்கும் கடைசி நாள். ஒரு ரெண்டு மணிநேரம் முன்னாடி போகட்டான்னு கேட்டாரு, சரின்னேன்."

குமாரதாஸ் அடித்தாளை இன்னொரு தடவை வாசித்தான்.

"ரெண்டு பிள்ளைய இன்னும் காலேஜில படிக்கு. நான் சண்டை பிடிச்சேன். எவனுக்கு ஓய் தெரியப் போவுது, பேசாம இரியும்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அந்தப் பயலுக்கு ஒரு கூட்டல், எனக்கு ஒரு கூட்டலான்னு கேட்டாரு."

குமாரதாஸ் குண்டூசியைப் பிடுங்கி, அடித்தாளை மேசையில் வைத்தான். 1923 போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"கொழும்புக்கு எழுதணும். ஒரு வெள்ளைத்தாள் தாங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே, வெயிலுக்குக் குடையை விரித்து, நாளைக்கும் வரப்போகிறவர் மாதிரி யேசுரத்தினம் பைய நடந்து கேட்டைத் தாண்டிப் போனார்.