வேலையில் சேர்ந்த நேரம்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலை கேட்டு வந்திருந்தான் தயாளன். மேனேஜர் ஆதிகேசவன் அவனுடைய லைசென்ஸை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் நீ இல்லாட்டி வீட்ல சமாளிப்பாங்களா?"

"சமாளிப்பாங்க சார். வண்டி ஓட்டிக் காட்டட்டுமா?"

"வேணாம். வேலை உனக்குத்தான். ரிஜிஸ்டர்ல காலைல அஞ்சரைன்னு எழுதி கையெழுத்துப் போடு."

அப்போது மணி பதினொன்று. 'தங்கமான மனுஷன்' என்று நினைத்தபடி தயாளன் கையெழுத்திட்டான்.

"வண்டி எங்க சார்?"

"போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது. ஆறு மணிக்கு பைபாஸ்ல சைக்கிள்ல போனவரை இடிச்சுக் கொன்னுட்டியே."

"நானா சார்?"

"பின்ன, சின்ன முதலாளின்னா சொல்ல முடியும்? அவருக்கு லைசென்ஸே இல்லயேப்பா."