நீலக் கதவு வீடு

“குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போற ஊரா அது? வேற ஊரே கிடைக்கலையா உங்களுக்கு?”

கேட்டபடியே உள்ளே வந்த பிரெஞ்சு ஆசிரியை, உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மாடி வீட்டில் குடியிருப்பவர். கீழ் வீட்டுக் குழந்தைகளில் பெரியவளுக்குப் பாடம் சொல்லித் தருபவர். கீழ் வீட்டுக்காரர்கள் விடுமுறைக்குப் பிரெஞ்சு நாட்டிலிருக்கும் அந்த ஊருக்குப் போகிறார்கள் என்ற செய்தி காலையில் படிக்கட்டில் காதில் விழுந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்பாடு பட்டாவது அதை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் இறங்கி வந்திருந்தார்.

சாப்பாட்டு மேசை முழுக்க அந்த ஊர்தான் கிடந்தது. நடுவில் வரைபடம், அது பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் தண்ணீர் டம்ளர்கள். நாற்காலி முதுகில் இரண்டு சின்னச் சிவப்பு மழைக்கோட்டுகள், கடைவாசனை போகாமல் தொங்கின.

“வாங்க டீச்சர், நாங்களே மேல வரலாம்னு இருந்தோம்,” என்றார் குழந்தைகளின் அம்மா. “எல்லாம் உங்களால வந்த ஆசைதான். பெரியவ தூக்கத்துலகூட அந்த ஊர்லதான் இருக்கா.”

ஆசிரியையின் பாடமுறை அப்படிப்பட்டது. வினைச்சொல்லோ பால்பாகுபாடோ, எதுவானாலும் அந்தப் பழைய ஊரின் தெருவில் நடத்திக்கொண்டு போய்த்தான் சொல்லித் தருவார். ரயிலடியில் புறப்பட்டு, ஊரைச் சுற்றிய மதிலின் வாசலில் நுழைந்து, கல் பாவிய சந்தில் ஏறி, ரொட்டிக் கடைக்கு மேலே தாம் தங்கிப் படித்ததாக அவர் சொல்லும் நீலக் கதவு வீட்டில் பாடம் முடியும். அந்தத் தெருவில் அவரால் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியும். அங்கே இந்தச் சிவப்புக் கோட்டுகள் இரண்டும் துள்ளிக்கொண்டு ஓடப்போகின்றன என்று நினைத்தபோதே அவருக்கு வயிறு எரிந்தது.

“ஊர் முழுக்கப் படிக்கட்டு. ஏறி ஏறிக் காலே கழண்டுடும். சின்னதை யார் தூக்குறது?”

“நானே ஓடுவேன்!” என்றது சின்னது. வீட்டில் அதற்கு வாலு என்று பெயர். காரணப்பெயர்தான்.

“மதிலுக்குள்ள ஒரு கார்கூட வராது, தெரியுமா?”

“குதிரை வண்டிதான் வரும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” என்றாள் பெரியவள். “அதுல ஏறத்தானே போறோம்!”

தம் பாடமே தமக்கு எதிராகச் சாட்சி சொல்வதை ஆசிரியை அன்றுதான் கண்டார்.

“மழை பிடிச்சா விடாது. அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும். பேசாம கடற்கரைப் பக்கம் போங்களேன். குழந்தைங்க பாட்டுக்கு மணல்ல விளையாடும்.”

அம்மா நாற்காலியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

கைப்பேசியில் கவிழ்ந்திருந்த அப்பா தலைதூக்கினார். “ஒரு சந்தேகம் டீச்சர். மதில் வாசல்ல நுழைஞ்சா ஆறு எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“இதுல இடப்பக்கம் காட்டுதே?”

“அதைப் போட்டவன் அங்க குடியிருந்தானா?”

அப்பா கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “ஆமா, இப்ப வலப்பக்கம்தான்,” என்று அடங்கினார்.

“முதல் நாளே நீலக் கதவு வீடு!” பெரியவள் வரைபடத்தை ஆசிரியையின் பக்கம் நகர்த்தினாள். “எந்தச் சந்துன்னு காட்டுங்க டீச்சர். கதவைத் தட்டி, எங்க டீச்சர் இங்கதான் இருந்தாங்கன்னு சொல்லப் போறேன். பிரெஞ்சுல!”

ஆசிரியை குனிந்து பார்த்தார். “கண்ணாடியை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்,” என்றார் சுருக்கமாக.

அம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. “பொண்ணு கேட்டு வந்தவங்களைப் பாக்குற மாதிரியே பாக்கறீங்களே டீச்சர்! உங்க ஊரை எங்களுக்குக் குடுக்க மனசே வரலை, இல்ல?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல,” என்ற ஆசிரியையின் குரலில் அப்படித்தான் இருந்தது.

“யாருக்குத்தான் வரும்? வாழ்ந்த ஊராச்சே. அதனாலதான் நாங்க ஒண்ணு முடிவு பண்ணிட்டோம்.”

அம்மா பையிலிருந்து மூன்றாவது சிவப்புக் கோட்டு ஒன்றை உருவி, ஆசிரியையின் மடியில் வைத்தார். அது பெரியவர்கள் அளவு.

“நீங்களும் வர்றீங்க. எங்க ரெண்டு பேருக்கும் அந்த மொழில ஒரு வார்த்தை தெரியாது. உங்க டிக்கெட் எங்க பொறுப்பு.”

கோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆசிரியை எடுத்தார். கை அதை விடவில்லை.

“லீவு கிடைக்காதேம்மா...”

“பள்ளிக்கூடத்துக்கே லீவுதானே டீச்சர்?” என்றாள் பெரியவள்.

“முட்டி வலி வேற...”

“குதிரை வண்டி!” என்று கூவியது வாலு.

“அப்புறம் என்ன, முடிஞ்சுது,” என்றார் அப்பா. “உங்களுக்கும் சேத்து இன்னிக்கே பதிவு பண்ணிடறேன். மேல போய் உங்க பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க டீச்சர். அந்த ஊர்ல குத்தின முத்திரையை வாலு பாக்கணுமாம்.”

சிவப்புக் கோட்டை மார்போடு அணைத்தபடி ஆசிரியை ஒவ்வொரு படியாக ஏறினார். மதில் வாசலும் குதிரை வண்டியும் நீலக் கதவும் மாடியில், ஒரு பழைய பாடப்புத்தகத்தின் அட்டைப் படத்தில் இருந்தன. பாஸ்போர்ட் என்று ஒன்றை அவர் இதுவரை எடுத்ததே இல்லை.