வாசிக்காத வரி

அப்பாவின் மூக்கு இரண்டு மகள்களுக்கும் அப்படியே இடப்பக்கம் சாய்ந்து வாய்த்திருந்தது. போட்டோ எடுப்பவர்கள் இருவரையுமே கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்வார்கள். தங்கை ரேணுகாவுக்கு மூச்சு முட்டியதால் டாக்டர் அறுவை சிகிச்சை செய்து எலும்பை நிமிர்த்திவிட்டார். அக்கா தமயந்திக்கு மூச்சு தாராளமாகப் போய்வந்தது. அவளுக்கு அப்படியொரு சாக்குக் கிடைக்கவில்லை.

ரேணுகாவின் கண்கள் வீங்கி மூடியிருந்ததால் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைத் தமயந்திதான் வாசித்தாள். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். வீக்கமும் அடைப்பும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றிருந்த கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அவ்ளோதானாக்கா? வீக்கம் வடியும்னு ஒண்ணும் போடலியா?"

"இல்லடி."

"அப்ப இப்படியே இருந்துடுமா?"

தமயந்தி தங்கையின் மூக்குமேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடியில் நேரான ஒரு மூக்கு இருந்தது.

ரேணுகா கையால் துழாவி அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வீங்கிக் கோணலாவே போனாலும் பரவால்லக்கா. ஒன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன்."

தமயந்தி தாளை நான்காக மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரித்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குடி" என்றாள். உடனே வாசித்துவிடவில்லை.